சிங்கப்பூர் புறப்படும் அம்மா அப்பாக்களுக்கு

பயணக் கேள்விகள் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிங்கப்பூரைப் பற்றியே இருந்ததால், மற்ற நாடுகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

திருச்சியில் ஒரு டிராவல்ஸில் விசா மேசையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கவனித்த ஒன்று உண்டு. விண்ணப்பத்தை நிரப்புவது மகன். பெட்டி கட்டுவது மகளோ மருமகளோ. நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொட்டலத்தைச் செருகிவிட்டுப் போவார். கடைசியில் சாங்கி விமான நிலையத்தில் அதிகாரிக்கு முன்னால் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியவர், பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று முழுதாகத் தெரியாத அம்மா. அதனால் பயணம் போகிற உங்களுக்கே இதை எழுதுகிறேன். கண் சரியில்லை என்றால் பேரப்பிள்ளையைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருக்கிறான். நானும் என் மனைவியும் போக விசா அவன் எடுப்பதா, நாங்கள் எடுப்பதா? "ரெண்டு வருஷ விசா கிடைத்துவிட்டது, ஆறு மாதம் தங்கலாம்" என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னார். உண்மையா? – வாசகர், மன்னார்குடி

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். மகன் அங்கே குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அவரே தன் சிங்பாஸ் (அந்நாட்டு அரசின் இணைய அடையாளம்) கணக்கு வழியாக விண்ணப்பிக்கலாம். அவர் வேலை பாஸில் இருப்பதால், நீங்கள் இங்கே சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த ஏஜெண்ட் மூலம் போடுங்கள். படிவத்தின் பெயர் 14ஏ. வெள்ளைப் பின்னணியில் மூன்று மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், மகனின் பாஸ் நகல், முகவரி ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். கட்டணம் 30 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. ஏஜெண்ட் தன் கூலியைத் தனியாக வாங்குவார். அதற்கு ரசீது கேளுங்கள், தயங்க வேண்டாம். புறப்பாட்டுக்கு முந்தைய 30 நாளுக்குள் போட்டால் போதும்.

இரண்டு வருட விசா பற்றி உங்கள் ஊர்க்காரர் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். விசா என்பது அந்தக் காலத்துக்குள் கதவைத் தட்டலாம் என்ற அனுமதி மட்டும்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் விமான நிலையத்தில் இருக்கும் குடிநுழைவு அதிகாரி. வருகையாளருக்குப் பெரும்பாலும் 30 நாள் கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை. நீங்கள் கொடுத்த மின்னஞ்சலுக்கு இ-பாஸ் வரும், தங்க வேண்டிய கடைசி நாள் அதில் இருக்கும். இறங்கின அன்றே மகனை அதைத் திறக்கச் சொல்லி, தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கூடுதலாக இருக்க வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு முன்பே குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் தளத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் கிடைத்தே தீரும் என்றில்லை. திரும்பும் டிக்கெட்டை முதல் தேதிக்கே போட்டு, மாற்றிக்கொள்ளும் வசதியோடு வாங்குவது நல்லது.

மகனின் நிலையான மாதச் சம்பளம் 12,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால் பெற்றோருக்கு நீண்டகால வருகை பாஸ் கேட்க மனிதவள அமைச்சில் வழி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கூட இருக்க நினைப்பவர்கள் அதைப் பாருங்கள். வருகைப் பாஸில் இருக்கும்போது பணம் வாங்கிக்கொண்டு எந்த வேலையும் செய்யக்கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்வதும், சமைத்து விற்பதும் வேலைதான்.

கேள்வி: 'அரைவல் கார்டு' போட ஒரு இணையதளத்தில் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? – வாசகி, பட்டுக்கோட்டை

கட்டாதீர்கள் அம்மா. எஸ்.ஜி. அரைவல் கார்டு என்பது சிங்கப்பூருக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை, அது முழுக்க இலவசம். குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்திலோ அவர்களின் மைஐசிஏ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். முன்னதாகப் போட இடம் தராது. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் வீடுகளில் அப்பா பெயர் ஒரு இடத்தில் இனிஷியலாகவும், இன்னொரு இடத்தில் முழுப்பெயராகவும் இருக்கும். டிக்கெட், விசா, இந்த அட்டை மூன்றையும் மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அட்டை விசாவுக்கு மாற்று இல்லை. இரண்டும் வேண்டும்.

அதிலேயே உடல்நல அறிவிப்பும் இருக்கிறது. சமீபத்தில் எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள், காய்ச்சல் போன்ற அறிகுறி உண்டா என்று கேட்பார்கள். மகன் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" அழுத்திவிடக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

முன்பு விமானத்தில் காகித அட்டை கொடுப்பார்கள். போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்ற எச்சரிக்கை அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பக்கத்து சீட்டுக்காரரிடம் "இது என்னங்க?" என்று கேட்பார். 2020இல் அந்த அட்டை போய்விட்டது. வசதிதான். ஆனால் அந்தச் சிவப்பு வரி பயணியின் கையை விட்டுப் போனதில் எனக்கு இன்றும் கவலை இருக்கிறது. அதனால்தான் கீழே பொட்டலம் பற்றிய கேள்விக்கு நீளமாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகளுக்குப் பிரசவம். குருமாப் பொடி, கறிமசால் பொடி, உப்புக்கண்டம், நெத்திலிக் கருவாடு, பிரசவ லேகியம், மாவடு எல்லாம் எடுத்துப் போகிறேன். தடை ஏதும் உண்டா? – வாசகி, காரைக்குடி

உங்கள் பட்டியலில் இரண்டு இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

முதலாவது குருமாப் பொடி. அதில் கசகசா சேர்த்து அரைத்திருக்கிறீர்களா? சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை அது. அதில் மார்ஃபின் சிறிதளவு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பட்டியலில் வருகிறது. நம் ஊர் மளிகைக் கடையில் ஜீரகத்துக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும் பொருள்தான், ஆனால் அங்கே அதற்கு நிற்கும் சட்டம் வேறு. தனியாக ஒரு பொட்டலமும் வேண்டாம், அரைத்த பொடியிலும் வேண்டாம், பாயசத்துக்கென்று மாமியார் கொடுத்த ஒரு கைப்பிடியும் வேண்டாம். முந்திரியும் பொட்டுக்கடலையும் வைத்துப் புதிதாக அரைத்துக்கொள்ளுங்கள், குருமா நன்றாகவே வரும். துபாய் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இரண்டாவது உப்புக்கண்டம். ஆடு, கோழி எதுவானாலும், காயவைத்தாலும் ஊறுகாய் போட்டாலும் இறைச்சி இறைச்சிதான். சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதித்த நாடுகளிலிருந்து மட்டுமே பயணிகள் இறைச்சி கொண்டுவரலாம். நம் வீட்டு உப்புக்கண்டத்துக்கு அந்த வழி இல்லை. மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். பிள்ளைபெற்ற பெண்ணுக்குக் கொடுக்கவென்றே வெயிலில் காத்துக் காத்துப் போட்டிருப்பீர்கள். ஆனாலும் எடுத்துவிடுங்கள். பத்தியச் சமையலுக்கு ஆட்டுக்கறி தேக்கா சந்தையில் நல்லதாகவே கிடைக்கும்.

நெத்திலிக் கருவாடு போகலாம். மீன் வகை ஆளுக்கு 5 கிலோவுக்குள் சொந்தச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டு. வாசனை வராதபடி இரண்டு மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். மாவடு, காய்கறி ஊறுகாய், வடகம், அப்பளம் வீட்டு அளவில் பிரச்சினை இல்லை. எண்ணெய் கசியும் ஜாடி செக்-இன் பெட்டியில் போகட்டும், கைப்பையில் வைத்தால் திருச்சியிலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

லேகியம் யார் கிண்டியது? நீங்களே கிண்டியது என்றால், அதில் என்ன போட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். சின்ன டப்பாவில் பெயர் எழுதி ஒட்டி எடுத்துப் போங்கள். பெயர் ஒட்டாத நாட்டு மருந்துக் கடை லேகியமும் சூரணமும் வேண்டவே வேண்டாம். பழைய செய்முறை சிலவற்றில் கஞ்சா இலை சேர்ப்பதுண்டு. அதை வாங்கிக் கொடுத்தவருக்கே தெரிந்திருக்காது.

கேள்வி: என் பாட்டிக்கு வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் முடியாது. தாத்தாவுக்கு மூக்குப்பொடி. ஒரு மாதத்துக்கு வேண்டியதை எடுத்துப் போகலாமா? – கல்லூரி மாணவி, அரியலூர்

முடியாது கண்ணு. மென்று தின்னும் புகையிலை, குட்கா, கைனி, மூக்குப்பொடி எல்லாவற்றுக்கும் 2016 ஆகஸ்ட் முதல் அங்கே தடை. மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். சிகரெட்டுக்கு வரிச்சலுகை என்பதே கிடையாது. ஒரு குச்சி வைத்திருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும், பீடியும் அப்படித்தான். சூயிங்கம் 1992 முதல் கொண்டுவரக்கூடாது.

வெற்றிலை பாக்கு லிட்டில் இந்தியாவிலேயே கிடைக்கும். புகையிலையை மட்டும் பாட்டி முன்பே குறைத்துப் பழக வேண்டும். எழுபது வயதில் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், பேரன் வீட்டுக்குப் போன இடத்தில் சண்டையாகிவிடும். இப்போதே மருத்துவரிடம் கூட்டிப் போ. பாட்டியிடம் சொல்லாமல் பையிலிருந்து எடுத்து ஒளித்துவைக்காதே. இடுப்பில் முடிந்த சுருக்குப்பையில் இன்னொரு பொட்டலம் இருக்கும். உண்மையைச் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம். மனைவிக்குத் தூக்க மாத்திரை. மூன்று மாத மருந்து எடுத்துப் போகலாமா? தடுப்பூசி, இன்ஷூரன்ஸ் கட்டாயமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காலை, மதியம், இரவு என்று டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அட்டையோடு, மருந்துக் கடை பில்லோடு, மருத்துவர் கையால் எழுதாமல் அச்சடித்துக் கொடுத்த சீட்டோடு போகட்டும். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் ஆங்கிலத்தில் இருக்கச் சொல்லுங்கள். அங்கே அவசரத்துக்கு மருத்துவரைப் பார்த்தாலும் அந்த மூலப்பெயர்தான் அவருக்குப் புரியும். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமானத்தின் அடிவயிற்றில் உறைந்துபோனால் அது வீண்.

மனைவியின் மருந்துதான் முக்கியம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம் போன்றவையும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே இணையவழி அனுமதி பெற வேண்டியிருக்கும். மருத்துவர் சீட்டு, ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், மொத்தம் எத்தனை மாத்திரை, பயணத் தேதி எல்லாம் கேட்பார்கள். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே மகனைப் போடச் சொல்லுங்கள். வந்த அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து மருந்தோடு வையுங்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் மாத்திரையே வேண்டாம்" என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். இவ்வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து, வலிப்புகூட வரலாம். குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவர் சொல்லித்தான்.

தடுப்பூசி பற்றி: இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவருக்கு எதுவும் கட்டாயமில்லை. மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளில் முந்தைய ஆறு நாளுக்குள் இருந்திருந்தால் மட்டும் அதற்கான சான்றிதழ் வேண்டும். பெரியவர்கள் ஃப்ளூ ஊசியை இரண்டு வாரம் முன்பு போட்டுக்கொள்வது நல்லது. டெங்கு அங்கேயும் உண்டு, கொசுக்கடி மருந்து வாங்கிவையுங்கள்.

இன்ஷூரன்ஸும் விதிப்படி கட்டாயமில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் போகாதீர்கள் என்று உங்கள் இருவரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே அரசு மருத்துவமனையின் சலுகைக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வருகையாளர் முழுத் தொகையும் கட்ட வேண்டும். ஒரு நெஞ்சுவலி இரவு, மகனின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும். பாலிசி வாங்கும்போது சர்க்கரையையும் அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் அவசரச் சிகிச்சைக்கும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுவாங்குங்கள். மலிவான பாலிசிகள் பல அந்த இடத்தில்தான் கைவிரிக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவரின் தம்பி அங்கே கப்பல்பட்டறையில் வேலை செய்கிறார். அவருக்கு ஒரு பார்சல் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நன்றாகத் தைத்துக் கட்டியிருக்கிறது. பழகிய குடும்பம், மறுக்க மனமில்லை. – வாசகி, முத்துப்பேட்டை

தைத்ததைப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிக்க மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். இதில் எனக்கு வேறு பதிலே கிடையாது.

சிங்கப்பூர்ச் சட்டத்தில், ஒரு பை உங்கள் கையில் இருந்தால் அதற்குள் இருக்கும் போதைப்பொருளும் உங்களுடையது, அது என்னவென்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் மேல். 500 கிராமுக்கு மேல் கஞ்சா, 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு வரை போகும். "பக்கத்து வீட்டார் கொடுத்தார், நான் பிரித்துப் பார்க்கவில்லை" என்பது அங்கே உங்களைக் காப்பாற்றும் வாக்கியமாக இருக்காது.

பழகிய குடும்பம் கெட்டது செய்யுமென்று நான் சொல்லவில்லை. விசா வாங்க வந்த ஒரு அம்மா இப்படித் தைத்த பார்சலோடு அலுவலகத்துக்கே வந்திருந்தார். என் மேசையில் வைத்துப் பிரிக்கச் சொன்னேன். மேலே முறுக்கு, நடுவில் வடகம், அடியில் பீடிக்கட்டுகள். அனுப்பியவர் நல்ல மனிதர்தான். தம்பிக்குப் பிடிக்குமென்று வைத்திருந்தார், அதற்கு வரி கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. சொல்லாமல், அறிவிக்க ஒன்றுமில்லை என்பவர்கள் போகும் பச்சை வழியில் நடந்திருந்தால் அபராதம் கட்டியிருப்பது அந்த அம்மாதான்.

மறுப்பதற்குச் சங்கடமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்: "பத்திரிகையில் எழுதுகிற அந்த அம்மா, பிரித்துப் பார்த்து நானே திரும்பக் கட்டினால்தான் எடுத்துப் போகலாம்னு சொல்லியிருக்காங்க." திறந்த பார்சலில் ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். மாத்திரை, பொடி, திரவம் எதையும் ஏற்காதீர்கள். பெட்டியைக் கடைசியாகப் பூட்டும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

அங்கே இறங்கியபின் ஏதாவது ஒரு பொருளில் சந்தேகம் வந்தால் சிவப்பு வழிக்குப் போய் நீங்களாகவே காட்டுங்கள். சாங்கியில் சில அறிவிப்புப் பலகைகள் தமிழிலும் இருக்கும். சோதனைக்கு முன் வாய்திறந்து கேட்டவரையும், சோதனையில் அகப்பட்டவரையும் அவர்கள் ஒன்றாக நடத்துவதில்லை.

கேள்வி: நடுவில் நாலு நாள் மலேசியா போய் பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வரலாமா? – வாசகர், திண்டுக்கல்

போகலாம். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றிருந்தால் ஜொகூர் பாலத்தைத் தாண்டிய பின் திரும்ப முடியாது. மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையையும் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். திரும்பி சிங்கப்பூருக்குள் வரும்போது புதிதாக இன்னொரு எஸ்.ஜி. அரைவல் கார்டு. பலர் இதைத்தான் மறந்துபோகிறார்கள்.

கேள்வி: மகளைப் பார்க்கப் போகிறேன். என் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று இருக்கிறது. பத்தாவது படிக்கவில்லை. தடுப்பார்களா? – வாசகி, பெரம்பலூர்

இல்லை. அது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான சோதனை. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை, நீங்கள் போவதும் மகளைப் பார்க்க.

கேள்வி: போட்டுக்கொண்டு போகும் நகைக்கும், மகன் வாங்கித்தரும் செயினுக்கும் திரும்பி வரும்போது வரி உண்டா? – வாசகி, சிவகங்கை

போகும்போதே திருச்சி விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். எடை, விவரம் எழுதிய பழைய நகைக்கடை ரசீதோடு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். திரும்பும்போது "இது இங்கிருந்து போன நகைதான்" என்பதற்கு அந்தத் தாள் போதும்.

புதுச் செயினுக்கு அறிவிக்க வேண்டும். பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்று எல்லோரும் சொல்லும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவருக்கு மட்டும். ஒரு மாதம் போய் வருகிற உங்களுக்கு அது பொருந்தாது. ரசீதோடு சிவப்பு வழியில் போய் வரியைக் கட்டிவிடுங்கள். புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வரச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அங்கே கட்டிய 9 சதவீதப் பொருள் சேவை வரியைச் சாங்கியில் திரும்பப் பெறலாம். ஆனால் பொருளை உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி நீங்கள் வாங்கியிருக்க வேண்டும். அங்கேயே வேலை செய்யும் மகன் தன் பெயரில் வாங்கினால் கிடைக்காது. அதனால் கடைக்கு நீங்களும் கூடவே போங்கள்.

கேள்வி: மகள் வீட்டுப் பால்கனியில் வைக்க ஒரு கறிவேப்பிலைக் கன்று, மண்ணோடு தொட்டியில்? – வாசகர், ஒட்டன்சத்திரம்

வேண்டாம். நடுவதற்கான செடிக்குத் தாவர நலச் சான்றிதழும் அங்குள்ள அனுமதியும் தேவை. சமையலுக்கு ஒரு கொத்து இலையை உறையில் எடுத்துப் போகலாம். கன்றை அங்கேயே நர்சரியில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.